வாடைக்குத் திறந்த மண்டபங்கள்

குளிரை யாராலும் அழிக்க முடியாது, இன்னோர் இடத்துக்கு அனுப்பி வைக்கத்தான் முடியும். நாக்பூர் வாடை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கார்குழலிக்கு இது புரிந்துவிட்டது. மாமியாரின் கோபமும் அதே ரகம்தான் என்று புரியத்தான் கொஞ்சம் காலம் பிடித்தது.

வாடை மையம் வெளியிலிருந்து பார்க்க ஒரு சாதாரண அரசு அலுவலகம். மாடிப்படி மூலைகளில் பான் கறை, கேண்டீனில் சர்க்கரை தூக்கலான டீ. உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்க இந்திய வரைபடம். அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருப்பவை பலூன்கள். ஒவ்வொன்றும் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபம் அளவு இருக்கும். மேகத்துக்கு மேலே நின்று, பகலெல்லாம் வெயிலைக் குடித்து, தனக்குக் கீழே இருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று எழும்பிப் போன இடத்தில் ஒரு பள்ளம் விழும். குளிர்காற்று கனமானது, பள்ளம் கண்ட பக்கம் தண்ணீர் மாதிரி ஓடும். பலூன்களை வரிசையாக நிறுத்தினால் குளிருக்கு வாய்க்கால் வெட்டியது போலத்தான்.

வடதுருவத்துக் குளிர் உடைந்து, இமயமலையையே தாண்டி வந்து விழ ஆரம்பித்த பிறகு நாட்டுக்கு இந்த வாய்க்கால்கள் தேவைப்பட்டன. அவை டெல்லியைக் காப்பாற்றின, பஞ்சாபின் கோதுமையைக் காப்பாற்றின. குளிரை எங்கே திருப்பினால் நஷ்டம் குறைவு என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது சொன்ன பதில் ஒன்றேதான்: பீகாரின் வடக்கு ஓரம், நேபாள எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளி. அங்கே பெரிய தொழிற்சாலை இல்லை, விமான நிலையம் இல்லை. கரும்பும் கூரை வீடுகளும் ஏராளமான மனிதர்களும்தான். மனிதர்களுக்குக் கணினி போட்டிருந்த மதிப்பு குறைவு.

அந்தத் தராயிலிருந்துதான் ஒருநாள் அருள்நம்பி வந்தான். சக்ராபூர் என்ற சின்ன ஊரின் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மையத்துக்குள் புகுந்து, "எங்கள் ஊருக்குக் குளிரை அனுப்புவது இங்கே யார்?" என்று இந்தியில் கத்தினான். ஒருவரும் நிமிரவில்லை.

"எல்லாம் கல்லுளிமங்கனுங்க" என்று தமிழில் முணுமுணுத்தான்.

"மங்கிங்களும் இருக்கோம்" என்றது மூலை மேஜையிலிருந்து கார்குழலியின் குரல். "உக்காருங்க டாக்டர். டீ சொல்றேன், அப்புறம் திட்டுங்க."

அந்த டீ ஆறிப்போயிற்று, சண்டை ஆறவில்லை. அவன் வருடாவருடம் வந்து சண்டை போட்டான். கணினியின் கணக்கை மாற்றச் சொல்லி அவள் மேலதிகாரிகளிடம் சண்டை போட்டாள். எதுவும் மாறவில்லை, அவர்கள் இருவரைத் தவிர. ஒரு மழைக்காலத்தில், இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்த அபூர்வமான ஒரு திங்கட்கிழமை, நாக்பூர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிகளுக்கு சமோசா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த சமோசாதான் வினையாகப் போயிற்று.

நம்பியின் அம்மா சுலோச்சனாவுக்குத் திண்டிவனத்தில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் இருந்தது. கணவர் போன பிறகு தனியாளாக அதை நடத்தி, மாநில மண்டப உரிமையாளர் சங்கத்துக்கே செயலாளராகிவிட்டவர். யார் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை இலை விழும் என்று பத்திரிகையைப் பார்த்தே சொல்லிவிடுவார். "மாவட்டத்தில பாதிப் பேரு கல்யாணத்துக்கு நான் பந்தி போட்டிருக்கேன். என் பிள்ளை கல்யாணத்துக்கு சமோசாவாம்!" என்று மகனிடம் போனில் சொன்னதோடு சரி, மருமகளிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கு முறுக்கு பார்சல் மட்டும் மகன் பெயருக்கு வரும். இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு இருக்கும். இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, என்னவென்று எடுத்துக்கொள்வது என்று குழலிக்குத் தெரிந்ததே இல்லை.

இந்த மார்கழியில் உடைந்து வந்த குளிர் முன்பு வந்தவற்றையெல்லாம் விளையாட்டாக ஆக்கிவிட்டது. பஞ்சாபில் பனிப்புயல். ரயில்கள் நின்ற இடத்திலேயே வெள்ளையாக நின்றன. வரைபடத்தில் நீல நாக்கு ஒன்று இமயத்திலிருந்து கீழே நீண்டுகொண்டிருந்தது. கணினி வழக்கம்போல அதைக் கிழக்கே மடக்கி, தராயில் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னது. நாளை மறுநாள் விடியலில் சக்ராபூரில் மைனஸ் பதினொன்று.

குழலி வராந்தாவுக்கு வந்து நம்பியைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு?" என்றான் எடுத்த எடுப்பில். பின்னால் குழந்தைகள் வெவ்வேறு சுருதியில் அழுதுகொண்டிருந்தன.

"மைனஸ் பதினொன்னுன்னு காட்டுது."

"போன வருஷம் ரெண்டுக்குப் போனதுக்கே என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். இன்குபேட்டர்ல பாதி வேலை செய்யலை. ஒரு பெட்டியில மூணு குழந்தைங்களைப் படுக்க வெச்சிருக்கேன். கரண்ட் கம்பி பனியில அறுந்துதுன்னா அதுவும் கிடையாது. வார்டுக்கு வெளியே ஊர் முழுக்கக் கூரை வீடு, குழலி."

"நீ கிளம்பி வந்துடுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொன்னா மட்டும் வந்துடுவேனா?"

"அதனாலதான் சொல்லலை. சாப்டியா?"

"உன் மாமியார் முறுக்கு."

"எனக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கும். தீர்த்துடாதே."

"வந்து வாங்கிக்கோ" என்றான் நம்பி. குரல் சிரித்தது போலத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு குழலி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அங்கேயேதான் இருப்பான். கடைசிக் குழந்தைக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டு நிற்பான். அவளுக்கு அவனைத் தெரியும்.

உள்ளே போனாள். பல வருடங்களாக மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்திருந்த கணக்கைத் திரையில் போட்டாள். அவளுடைய மேலதிகாரி கோவிந்த் பாலேராவ் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"தெற்கேயா?" என்றார் இந்தியில். "பைத்தியமா?"

"ஒரே இடத்தில் கொட்டினால்தானே சார் மைனஸ் பதினொன்று? நீளமாக ஓடவிட்டால் போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே போகும். மத்தியப் பிரதேசம், நம்ம நாக்பூர், தெலங்கானா, ஆந்திரா, தமிழ்நாடு. கன்னியாகுமரி தாண்டிக் கடலில் இறங்கிவிட்டால் முடிந்தது கதை. கடல் சூடாக இருக்கிறது, விழுங்கிவிடும். தராயில் நாலு டிகிரியோடு நின்றுபோகும்."

"தமிழ்நாட்டில்?"

"ஏழு, எட்டு. இரண்டு மூன்று நாள்."

"அந்த ஊர்க்காரர்கள் ஏழு டிகிரியைப் பார்த்திருக்கிறார்களா?"

"ஊட்டியில் பார்த்திருக்கிறார்கள். ஹனிமூனில்."

பாலேராவ் சிரிக்கவில்லை. "சட்டம் தெரியும் அல்லவா? ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் தலையில் புதிதாகக் குளிரைத் திருப்ப முடியாது, சட்டத்துக்கு முன்பே இருந்த தராய் வழிக்கு மட்டும்தான் விலக்கு. வெயில் காற்றைத் திருப்பினாலும் அதே சட்டம். சட்டம் வந்த நாளிலிருந்து எவனும் குளிரும் வாங்கியதில்லை, வெயிலும் வாங்கியதில்லை."

"கேட்டுப் பார்க்கலாமே சார். அதற்கு முன்னால் ஒன்று." குழலி நாற்காலியை விட்டு எழுந்தாள். "என் கணவர் சக்ராபூரில் இருக்கிறார். இந்தக் கணக்கை நீங்களே முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். பலூன்களை நகர்த்துவதும் நீங்களாக இருக்க வேண்டும், நானாக இருக்கக் கூடாது."

பாலேராவ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கணக்கை முடித்தார். விடை மாறவில்லை.

வழியில் இருந்த மாநிலங்கள் ஆச்சரியமாக ஒன்றையே சொன்னன. குளிர் கடந்துதான் போகப்போகிறது என்றால் தாங்கிக்கொள்கிறோம். ஆனால் கடைசிக் கதவு திறந்திருக்க வேண்டும். தமிழ்நாடு மறுத்துவிட்டால் அத்தனை குளிரும் எங்கள் மேலே தேங்கிவிடும், அதற்கு நாங்கள் ஆள் இல்லை. ஆக எல்லாம் சென்னையில் வந்து நின்றது. பேரிடர் ஆணையர் தணிகாசலம் திரையில் வந்தார். கழுத்தில் மஃப்ளர்.

"சென்னையில இன்னிக்கு இருபத்திரண்டும்மா" என்றார் அவரே முந்திக்கொண்டு. "அதுக்கே என் டிரைவர் மங்கி கேப் போட்டுட்டு வந்திருக்கான். நீங்க ஏழுங்கிறீங்க."

குழலி சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர் என்பது கேட்கும்போதே தெரிந்தது. அதனாலேயே அவர் பதில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொல்ற பிள்ளைங்க என் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா. பிளாட்பாரத்தில படுக்கறவங்க, மீனவர் குப்பம், செங்கல் சூளை, ஓலைக் குடிசை. வீட்ல கம்பளி கிடையாது, ஜன்னல்ல கதவு கிடையாது, வெயிலுக்குக் கட்டின ஊரு இது. அங்கே சாவறதை இங்கே சாவுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

"எல்லாரையும் ரெண்டு மூணு நாள் உள்ளே வெச்சுட்டா சார்?"

"எங்கே வெப்பேன்? இடத்தைக் காட்டுங்க, சாயங்காலத்துக்குள்ள முதல்வர்கிட்ட சம்மதம் வாங்கித் தரேன். பள்ளிக்கூடத்தில பாய்கூடக் கிடையாது. புயல் காப்பகம் எல்லாம் கடலோரத்தில, நாலு பக்கமும் காத்து. எத்தனை லட்சம் பேருக்கு வெந்நீர் போடணும், சோறு பொங்கணும், போர்த்தணும்! அதுக்கு ஆளு?" அவர் மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நேரமும் சரியில்லம்மா. மார்கழி வேற. என் பொண்ணு கல்யாணத்துக்கே தை பொறக்கட்டும்னு உக்காந்திருக்கோம்."

குழலி திரைக்கு அருகே குனிந்தாள்.

"சார், என்ன சொன்னீங்க?"

"மார்கழின்னேன். கல்யாணம் பண்ண மாட்டாங்க இல்ல?"

"அப்போ மண்டபமெல்லாம்?"

"பூட்டித்தான்..." என்று ஆரம்பித்த தணிகாசலம் நிறுத்தினார். மஃப்ளரை மெதுவாக அவிழ்த்தார்.

மண்டபம் இல்லாத ஊர் ஏது தமிழ்நாட்டில்? பேருந்து நிற்காத ஊரில்கூட ஒரு மண்டபம் நிற்கும். நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அடுப்பு, அண்டா, ஜெனரேட்டர், ஆழ்துளைக் கிணறு, அடுக்கி வைத்த ஜமுக்காளம். ஒரே பந்தியில் முந்நூறு பேருக்குப் பரிமாறிப் பழகிய ஆட்கள். அத்தனையும் அத்தனை பேரும், வருடத்தில் இந்த ஒரு மாதம் மட்டும், சும்மா இருக்கிறார்கள். வடக்கிலும் இந்த மாதத்தில் கல்யாணம் கிடையாதுதான். அங்கே திறந்த வெளியில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்கிறார்கள், பந்தலைக் குளிர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஆனா அது தனியார் சொத்தும்மா" என்றார் தணிகாசலம். "நான் உத்தரவு போட்டு, ஒவ்வொரு ஓனரா நோட்டீஸ் குடுத்து, பூட்டைத் திறக்கறதுக்குள்ள பொங்கல் வந்துடும். ஒரே குரல்ல எல்லாரையும் திறக்க வெக்கிற ஆளு யாராவது வேணும்."

"ஒருத்தர் இருக்காங்க சார்" என்றாள் குழலி. "அவங்க என்கூடப் பேச மாட்டாங்க."

அந்த எண் அவள் போனில் 'அத்தை' என்று சேமிக்கப்பட்டிருந்தது. ஒருமுறைகூட அழுத்தியதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்.

"யாரு?"

"நான்... குழலி பேசறேன் அத்தை."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. "சொல்லு."

குழலி சொன்னாள். நீல நாக்கைப் பற்றி, கூரை வீடுகளைப் பற்றி, தெற்கே போகிற வாய்க்காலைப் பற்றி, பூட்டிய மண்டபங்களைப் பற்றி. திணறாமல் சொல்லி முடித்தாள்.

"குளிரை நீ இங்கே அனுப்பப் போறே. அதுக்கு நாங்க கதவைத் திறந்து வெச்சு வாங்கிக்கணும்."

"ஆமா அத்தை."

"யாருக்காகக் கேக்கறே? என் பிள்ளைக்காகவா, அந்த ஊருக்காகவா?"

ஊருக்காக என்று சொல்லிவிடலாம். அது நல்ல பதில். கேட்கக் கௌரவமாக இருக்கும். பிள்ளைக்காக என்று சொன்னாலும் ஒரு தாயிடம் எடுபடும். எதைச் சொன்னால் கதவு திறக்கும் என்று குழலி ஒரு நொடி கணக்குப் போட்டாள். அப்புறம் அந்தக் கணக்கை விட்டுவிட்டாள்.

"ரெண்டும்தான் அத்தை. ஊருக்காகன்னு இத்தனை வருஷமா சண்டை போட்டுட்டுத்தான் இருந்தேன். ஆனா இன்னிக்கு உங்க நம்பரை அழுத்தற தைரியம் அவர் அங்கே இருக்கறதாலதான் வந்துது. அவர் அங்கே இல்லாம இருந்திருந்தா அழுத்தியிருப்பேனான்னு எனக்கே தெரியலை. நினைச்சா வெக்கமா இருக்கு."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

"சாயங்காலம் கூப்பிடறேன்" என்றார் சுலோச்சனா. வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்கு அவசியமே இருக்கவில்லை. மதிய டீ வருவதற்குள் தணிகாசலம் ஒரு குரல் பதிவை அனுப்பி வைத்தார். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது, அதற்குள் மாநிலம் முழுக்கச் சுற்றிவிட்டதாம். குழலி சத்தமாக வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம், திண்டிவனம் சுலோச்சனா பேசறேன். நாளைக்குச் சாயங்காலம் எல்லா மண்டபமும் திறக்கணும். குளிர் வருது, நம்ம ஊருங்க தாங்காது, ஜனங்க வருவாங்க. எவனாவது வாடகை கேட்டான்னா, சங்கத்தில அவன் பேரு இருக்காது. அடுப்பை அணைக்கக் கூடாது, அண்டாவில எந்நேரமும் வெந்நீர் கொதிக்கணும். ஜமுக்காளத்தை இன்னிக்கே வெயில்ல போடுங்க, போன முகூர்த்தத்துச் சாம்பார் கறையோட யாருக்கும் விரிக்காதீங்க. கும்பகோணம் ரங்கா, உன் ஜெனரேட்டர் ரிப்பேர்னு எனக்குத் தெரியும், இன்னிக்கே சரி பண்ணு. வர்றவங்க அகதி இல்லை, அரசாங்கத்து ஆளுங்க கணக்கெடுக்கற தலை இல்லை. நம்ம மண்டபத்துக்குள்ள கால் வெச்சா விருந்தாளி. அவ்வளவுதான்."

பாலேராவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் பதிவு முடிந்ததும் எழுந்து நின்றிருந்தார். "யார் இவர்? ராணுவமா?"

"என் மாமியார் சார்."

"ஓ" என்றார் அவர், மரியாதையாக.

பொழுது சாய்வதற்குள் தமிழ்நாட்டின் சம்மதம் வந்தது. சட்டம் வந்ததிலிருந்து முதல் சம்மதம். பாலேராவ் விசைப்பலகையில் கை வைத்தார். வெள்ளைப் புள்ளிகள் கலைந்து, நகர்ந்து, வடக்கிலிருந்து தெற்கே ஒரு நீண்ட வரிசையாக நின்றன. மறுநாள் முழுக்க எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நீல நாக்கு கிழக்கே மடங்கப் பார்த்தது, தயங்கியது. அப்புறம் பள்ளத்தைக் கண்டுகொண்ட தண்ணீராகத் தெற்கே திரும்பியது. சம்பல் பள்ளத்தாக்கைத் தாண்டியது. சாத்பூரா மலைகளை வழித்துக்கொண்டு இறங்கியது. நாக்பூரைத் தொட்டபோது அலுவலக ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூ பூத்தது, கேண்டீன்காரர் கேட்காமலேயே எல்லோருக்கும் இரண்டாம் டீ கொண்டுவந்தார். கோதாவரியைத் தாண்டியபோது நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது, கிருஷ்ணாவைத் தாண்டியபோது இன்னும் வெளுத்திருந்தது. போகிற வழியில் ஒவ்வோர் ஊரும் ஒரு கை அள்ளி வாங்கிக்கொண்டது போல இருந்தது அது.

விடியலில் திண்டிவனம் ஏழு டிகிரி.

தொலைக்காட்சியில் சுலோச்சனாவின் மண்டபத்தைக் காட்டினார்கள். வாசலில் மேஜை போட்டு, சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் வைத்திருந்தார்கள். மண்டபத்து ஆட்களுக்கு விருந்தாளியை வரவேற்க வேறு விதம் தெரியாது. செங்கல் சூளையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சந்தனத்தைத் தொடலாமா கூடாதா என்று தயங்கி நின்றது. ஒரு பெண் பன்னீர்ச் செம்பைத் தூக்க, உள்ளிருந்து பழக்கமான குரல் அதட்டியது: "அடியே, பன்னீர் மட்டும் வேணாம்! இருக்கற குளிர் போதாதா?" வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். மணமக்கள் உட்காரும் நாற்காலிகளில் மங்கி கேப் போட்ட இரண்டு கிழவர்கள் காலை நீட்டிக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தார்கள். பின்னால் இருந்த பெயர்ப் பலகையில் கடைசியாக நடந்த கல்யாணத்து ஜோடியின் பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

எல்லாம் தப்பித்தன என்று சொல்ல முடியாது. வெற்றிலைக் கொடிக்கால்கள் கருகின. வாழைத்தோப்புகள் தலை தொங்கின. அதற்கு இழப்பீடு கேட்டுப் பிறகு சண்டை நடந்தது, நியாயமான சண்டை. ஆனால் ராத்திரிக் குளிரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று தணிகாசலம் திரையில் வந்து சொன்னபோது, கழுத்திலிருந்த மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழலி அதைப் பாதிதான் கேட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கையிலிருந்த போனை. ஒருவழியாக அது அடித்தது.

"நாலு" என்றான் நம்பி. "நாலு டிகிரி, குழலி! கரண்ட் போகலை. ஒரு குழந்தைகூட... எல்லாம் பால் குடிச்சுட்டுத் தூங்குதுங்க. வெளியே வந்து பாத்தேன். ஜனங்க தெருவில நெருப்பு போட்டு உக்காந்துட்டு, இந்த வருஷம் குளிருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊருக்குப் போயிருக்குன்னேன். நம்பலை. ஏன் போச்சுன்னாங்க. எங்க அம்மா கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்."

குழலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பாலேராவ் தன் டப்பாவிலிருந்த லட்டை நீட்டினார். அவள் அலுவலகம் என்பதையும் மறந்து தரையில் உட்கார்ந்து அதைத் தின்றாள்.

தை பிறந்தது. முதல் முகூர்த்த நாளைத் தமிழ்நாட்டில் எந்த மண்டபக்காரரும் சும்மா விடமாட்டார். சுலோச்சனாவோ அந்த நாளை யாருக்கும் கொடுக்கவில்லை. மகனுக்குப் போன் செய்து, "அவளையும் கூட்டிட்டு வா. பட்டுப்புடவை இல்லேன்னா நான் வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, குளிரில் கருகாமல் தப்பியது எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே பெயர்ப் பலகையில் அருள்நம்பி – கார்குழலி. மார்கழியில் இங்கே வந்து படுத்திருந்த சூளைக்காரர்களும், மீன்பிடிக்கும் குடும்பங்களும், மங்கி கேப் கிழவர்களும் இப்போது நல்ல துணி உடுத்தி மொய்த்திருந்தார்கள். இந்த முறை பன்னீரும் தெளித்தார்கள்.

முதல் பந்தி முடிந்ததும் சுலோச்சனா மருமகளைச் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் தனியாக நின்றார்கள். குழலி எதையாவது சொல்ல வேண்டும் என்று, "உங்க பிள்ளைக்காகத்தான் நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"அவனா?" சுலோச்சனா பாயசத்தைக் கிளறியபடியே சொன்னார். "நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே அவன் கூப்பிட்டான். 'அம்மா, குழலி குளிரைத் தெற்கே திருப்பப் பாப்பா, உதவி கேட்டு உன்கிட்ட வந்தாலும் வருவா. எனக்காகன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லிடு. ஊருக்காகன்னு கேட்டா உன்னால ஆனதைச் செய்'ன்னான். பெரிய தியாகி."

குழலி திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் நம்பி குழந்தைகளுக்கு அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தான்.

"அதனாலதான் யாருக்காகன்னு கேட்டீங்களா அத்தை?"

"ஆமா. நீ ஊருக்காகன்னு ஒரே போடா போட்டிருந்தா, செஞ்சிருப்பேன். ஆனா உன்னை இந்தச் சமையற்கட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்." கரண்டியை நிறுத்தி முதல்முறையாக நேராகப் பார்த்தார். "ரெண்டும்னு சொன்னே பாரு, அப்பவே உனக்குப் புடவை எடுக்க ஆளனுப்பிட்டேன்."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பாலேராவ். கேட்கக் கேட்க அவள் முகம் மாறுவதைப் பார்த்து, "என்னடி? மறுபடியும் குளிரா?" என்றார் சுலோச்சனா.

"இல்லை அத்தை." அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள். "சக்ராபூர் ஜனங்க பாட்னாவுக்குப் போய் உக்காந்துட்டாங்களாம். எழுந்திருக்க மாட்டோம்னு. அவங்க அரசாங்கமும் சம்மதம் குடுத்துடுச்சாம். வெயிலுக்கு. அக்னி நட்சத்திரத்தில வேலூர் கொதிக்கறப்போ, அந்த வெயில்ல ஒரு பங்கை அவங்க ஊருக்குத் திருப்பி விடணுமாம். அவங்களா கேக்கறாங்க அத்தை. இதுவரைக்கும் யாருமே..."

கூடத்தில் இரண்டாம் பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அடுப்பு அனல் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பிறகு மேல் அலமாரியைக் காட்டி அதட்டினார்.

"அந்தப் பெரிய ஜாடியை இப்பவே இறக்கு, கழுவிக் காய வைக்கணும். சித்திரைக்குள்ள மாவடு போட்டாகணும். வெயிலை வெறுங்கையோடவா அனுப்புவே?"